தண்ணீரில் ஊற்றிய தண்ணீர்

என் மகன் சீலாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிட்டால் அப்பா உடனே போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறார். உன் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டும் அவருக்கு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் பின்பக்கம் வெயிலில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார், வில்பட்டியிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பூண்டு. பல நாள் மழைக்கும் மூட்டத்துக்கும் பிறகு இன்றைக்குத்தான் நம் வாசலில் வெயில் விழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வருகிறாய், நீ கட்டிக்கொள்ளப்போகிற ரூத்தையும் அவள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. முழுக்கப் படி. பாதியில் போனை எடுத்துக் கூப்பிட்டுவிடாதே.

போன மாதம் நீ வீடியோவில் கூப்பிட்டபோது அப்பா போனைக் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிக்கு நேரே பிடித்தார். மணல்மேல் கிடந்த உன் வளர்ப்புப் பவளத்தில் ஒரு பக்கம் தோல் கிழிந்து, பழுப்பாகச் சளி மாதிரி தொங்கியதை நீ பார்த்தாய். "எத்தன தடவ சொல்லிருக்கேன், தண்ணி ஏறி உப்பிக் கெடக்கும்போது தூக்காதீங்க, எலும்பு குத்திக் கிழிஞ்சிரும்னு! ஒரு சோலியக்கூட ஒழுங்கா பாக்க முடியலையாப்பா உங்களுக்கு?" என்று கத்தினாய். அவர், "சரிப்பா, சரிப்பா" என்றார். நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் தொட்டி முன்னால் நாற்காலியிலேயே இருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "தம்பி எதுக்கு என்னய ஏசுனான்?" என்று கேட்டார். உன் மேல் வருத்தப்பட்டுக் கேட்கவில்லை சீலா. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. திட்டு வாங்கிய வலி மட்டும் இருந்தது, எதற்கு வாங்கினோம் என்பது போய்விட்டது.

நீ அந்தத் தொட்டியை வைத்த நாள் ஞாபகமிருக்கிறதா? ஊரடங்குக்கு வீட்டுக்கு வந்து, கம்பெனி வேலையை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாய். கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடலை வளர்க்கிறானே என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "நம்ம கடல்ல பவளத்தத் தொட்டாலே ஜெயிலுடா" என்று உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தது, அனுமதியோடு வந்தது என்று நீ காகிதங்களைக் காட்டி, அவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்த பிறகுதான் உள்ளே விட்டார். அப்புறம் உன்னைவிட அவர்தான் அதில் விழுந்துவிட்டார். வட்டமாக, ஓரம் சுருங்கி, நடுவில் நீளமாக ஒரு வாயோடு கிடந்ததை நான் ஆப்பம் என்று கூப்பிட்டேன். அவருக்குக் கோபம் வரும். "ஆப்பமில்ல, அது ஒத்த உசுரு. மத்தது மாதிரி பாறையில ஒட்டாது, மணல்ல தனியாக் கெடக்கும், தேவைப்பட்டா கொஞ்சங்கொஞ்சமா நகந்தும் போகும்" என்பார். கம்பெனி உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது நீ அவரிடம் விட்டுப்போனது அது ஒன்றைத்தான். பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேபில் வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் பாடத்துக்குக் குப்பி கழுவிக் கொடுத்தவர். முதல் தடவையாக அவருக்கென்று ஒரு லேப் கிடைத்த மாதிரி இருந்தது.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று உனக்கே தெரியும். வெள்ளனே எழுந்து முதலில் ஹீட்டர் எரிகிறதா என்று பார்ப்பார். உறைபனி விழுகிற நாட்களில் தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டுவார். மரம் விழுந்து கரண்டு போனால் நமக்கு மெழுகுவர்த்தி, பேட்டரி அதற்குத்தான். வத்தலக்குண்டிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் ஒரே ஒரு இறால் வாங்கி, நகக்கண் அளவுக்கு நறுக்கி, இடுக்கியால் அதன் மேல் வைப்பார். அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து ஊர்ந்து நடுவாய்க்குப் போய்ச் சேர அரைநாள்கூட ஆகும். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நான் சாப்பிடக் கூப்பிட்டால், "அது சாப்பிட்டு முடிக்கட்டும், இரு" என்பார்.

இந்த வருஷம் கோடைக்குப் பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. பவளம் உப்புவதை நிறுத்தியது. ஓரத்தில் தோல் பின்வாங்கி, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு நாள் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப் போய், ஹீட்டர்மேல் சுண்ணாம்பு படிந்திருந்தது. காரத்தன்மை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்று சோதித்துப் பார்த்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் கரைக்கிற உப்புப் பாக்கெட்டைக் குறை சொன்னார். புதுப் பாக்கெட் வந்தது, அதற்கும் அதேதான். தினமும் ரெண்டு பாட்டிலிலிருந்து அளந்து ஊற்றுவாரே, ஒன்று காரத்துக்கு, ஒன்று கால்சியத்துக்கு. ஒரு காலையில் நான் சமையலறை வாசலில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். அளந்தார், ஊற்றினார், அளவுக் குப்பியைக் கழுவித் துணிமேல் கவிழ்த்து வைத்தார். வெளியே போய்ப் பேரிக்காய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் குப்பியை எடுத்து மறுபடியும் அளந்து ஊற்றினார், அதே கவனத்தோடு, அதே மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து.

"இப்பத்தானங்க ஊத்துனீங்க?" என்றேன்.

"யாரு? நானா? எனக்குத் தெரியாதா என் சோலி?" என்று சீறினார். அவர் என்னிடம் அப்படிப் பேசினதே இல்லை. கோபம் மாதிரி இருந்தது. ஆனால் கண்ணைப் பார்த்தேன், அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நான் பீன்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு விஷயங்களும் கண்ணில் பட ஆரம்பித்தன. ஞாயிற்றுச் சந்தைக்குப் போனவர் வெறுங்கையோடு வந்து, தான் சந்தைக்கே போகவில்லை என்று சாதித்தார். அவர் அங்கே விட்டுவந்த பையைக் காய்கறிக்காரம்மா மறுவாரம் கொடுத்தார். கோவில் பாடகர் குழுவுக்குப் போவதைத் தொண்டை சரியில்லை என்று நிறுத்தினார். வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பாட்டில் விஷயத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு உயிர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அது செத்தால் தன் கையால்தான் செத்தது என்று அவருக்கு என்றாவது தெரிந்துவிடும்.

அப்போது நான் ஒன்று செய்தேன். அவர் வெந்நீர் வைத்துக் குளிக்கப் போன நேரத்தில் ரெண்டு பாட்டிலையும் காலி செய்து, வெறும் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். நிஜ மருந்தை ரெண்டு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். அன்றிலிருந்து அவர் எத்தனை தடவை ஊற்றினாலும் ஊற்றட்டும், அது வெறும் தண்ணீர். அவர் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் அளந்து ஊற்றுவேன். வேலைக்காலத்தில் விடுதிச் சமையலறையில் அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு பொங்கின கைக்கு, அந்தச் சின்னக் குப்பி பிடிபடவே நாளானது. குப்பியில் அவர் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் ஊற்றிவிட்டு, கழுவித் துடைத்து வைப்பேன். சொந்த வீட்டில் திருடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் பலித்தது. தண்ணீர் தெளிந்தது. மழைக்காலம் தொடங்கினபோது பவளம் பழையபடி காலையில் பச்சையாக உப்பி நின்றது. வெளுத்த ஓரத்தைக்கூடக் கொஞ்சம் தோல் மூடினது. அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "பாத்தியா, பொறுமையா அளந்து ஊத்துனா எந்திரிச்சிரும்னு நான் சொல்லல?" என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஒருவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரைத் தனியாக விட்டுவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தக் கிழிசல். மணலைக் கிளறிச் சுத்தம் செய்ய நினைத்திருக்கிறார். உப்பிக் கிடக்கும்போது தூக்கக் கூடாது என்பதை எனக்கே எத்தனையோ தடவை பாடம் எடுத்தவர் அவர்தான். அன்றைக்கு அது அவர் மனதில் இல்லை. தண்ணீர் நிறைந்த அந்த மெத்தென்ற உடம்பைத் தூக்கி வெளியே எடுத்ததும் தன் பாரத்திலேயே தொங்கி, உள்ளே இருந்த எலும்புத் தகடுகள் குத்திக் கிழிந்துவிட்டது. உடனே தண்ணீருக்குள் வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. உன் போன் வந்தபோதுதான் நானே பார்த்தேன்.

நீ கத்தின மறுநாள் அவர் வேலையில் இறங்கினார். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். லேபில் செய்வது மாதிரி எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். தொட்டித் தண்ணீர், உப்புக் கரைசல், கடைசியில் காரப் பாட்டில். அந்தச் சோதனையில் சொட்டுச் சொட்டாக மருந்து விட வேண்டும், நீலம் மஞ்சளாக மாறுகிறவரைக்கும். அவ்வளவு காட்டமான கரைசலுக்குக் குப்பி மருந்தே காலியானாலும் மாறாது. இது முதல் சொட்டிலேயே மஞ்சளானது. சோதனைக்குழாயைக் கழுவி மறுபடியும் செய்து பார்த்தார். கை ஒரு துளி நடுங்கவில்லை. எது போனாலும் அந்தக் கை மறக்கவில்லை சீலா.

குழாயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "இதுல இருக்கது வெறுந்தண்ணி. நம்மள ஏமாத்திட்டான். தம்பிகிட்ட நம்பர் வாங்கி அந்தக் கடைக்காரன நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்" என்றார். முகம் சிவந்திருந்தது. பாவம், எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்! தப்பு தன்மேல் இல்லை, கடைக்காரன்மேல் என்று தெரிந்த நிம்மதி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த நிம்மதி கொஞ்ச நாளைக்கு நின்றிருக்கும். அடுப்பை அணைத்தேன்.

"கடக்காரன் இல்லங்க. நான்தான் மாத்துனேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு ஊறுகாய் பாட்டில்களை எடுத்துக் காட்டினேன். நீங்கள் ரெண்டு தடவை, மூணு தடவை ஊற்றினீர்கள், கேட்டால் கோபப்பட்டீர்கள், அதனால்தான் என்று சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் இத்தன நாளா தண்ணியில தண்ணிய ஊத்திக்கிட்டுக் கெடந்திருக்கேன்."

"என்னங்க..."

"அழுகிற புள்ளைக்கு வெளையாட்டுச் சாமான் குடுத்து ஒக்கார வச்ச மாதிரி வச்சிருக்க என்னய."

நான் காலடியில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும். ஊத்துனனா இல்லையான்னு தெரியாம அந்தத் தொட்டி முன்னால நின்னுருக்கேன். உங்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு. பாட்டுக் குழுவுலயும் அதான். எல்லாரும் அடுத்த வரிக்குப் போயிருவாங்க, நான் மட்டும் வாயத் தொறந்துக்கிட்டு நிப்பேன். தொண்ட சரியில்லன்னு சொல்லிட்டேன். நீ பயந்துருவேன்னுதான் சொல்லல."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் காய்ந்துகொண்டு, நான் அவருக்குத் தெரியாமல் ஒளித்திருக்கிறேன், அவர் எனக்குத் தெரியாமல் ஒளித்திருக்கிறார். ரெண்டு பேரும் பாசத்தில்தான் செய்தோம். அதனால் ஆனது என்ன தெரியுமா? அத்தனை மாதமும் அவர் தனியாகப் பயந்தார், நான் தனியாகப் பயந்தேன். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன், ரூத்திடம் இதை மறைக்காதே. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போடாதே. கல்யாணம் முடியட்டும் என்று நினைக்காதே. மாமனாருக்கு இப்படி ஒரு வியாதி, இது உனக்கும் வருமோ என்று அவள் வீட்டில் கேட்கலாம். கேட்கட்டும். டாக்டரிடம் நானும் அதைத்தான் கேட்டேன், வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே சொல். கேட்டுவிட்டு அவள் உன் கூட நின்றால் அது நிற்கிற உறவு.

டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனோம். மாமா மகன் காரில் கூட்டிப்போனான். மலை இறங்குகிறவரைக்கும் அப்பா என் கையை விடவில்லை. டாக்டரம்மா தங்கமானவர். வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். அவ்வளவுதான், அப்பா பவளத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அது வெளிச்சத்தில் எப்படிப் பசியாறுகிறது, எலும்பு எப்படிக் கட்டுகிறது, தண்ணீரில் எது கூடினால் என்ன ஆகும், எல்லாம் ஒரு பிசகில்லாமல். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குள் ஒரு நப்பாசை, இவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று. அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா அழகாக ஒரு வட்டம் போட்டார். எண்களை எல்லாம் ஒரு பக்கமாகவே நெருக்கி எழுதிவிட்டு, மீதி இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று தெரியாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற மாதிரி. நான் சொல்லக் கூடாது என்று டாக்டர் சைகை காட்டிவிட்டார். மறதி நோய்தான், ஆரம்பம், மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கலாம், திருப்ப முடியாது என்றார்கள்.

திரும்பி வந்த பிறகு அப்பாவே ஒரு ஏற்பாடு சொன்னார். "பாட்டில் ஒங்கிட்ட இருக்கட்டும். நான் அளந்து தாரேன், நீ ஊத்து." அப்படித்தான் செய்தோம். காலையில் ரெண்டு பேரும் தொட்டி முன்னால் நிற்போம். அவர் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளப்பார், நான் வாங்கி ஊற்றுவேன். இனி ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை என்பதே எனக்கு ஒரு விடுதலையாக இருந்தது. ஆனால் பவளத்துக்கு அது போதவில்லை சீலா. கிழிந்த இடத்திலிருந்து அழுகல் பரவிக்கொண்டே போனது. போன வாரம் அந்த வாயும் போய்விட்டது. இப்போது மணல்மேல் கிடப்பது வெறும் வெள்ளைத் தட்டு. உன்னிடம் இதை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உன் பவளம் செத்துவிட்டது. அதை நீ எத்தனை ஆசையாக வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். நீ கத்தினதும் அந்த ஆசையால்தான், தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை நீ வந்து அவரிடம் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் மறந்திருப்பார் என்று விட்டுவிடாதே. எது மறந்தாலும் மனம் நொந்தது மறப்பதில்லை, நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் மழையில் நனைந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடையிலிருந்து வந்தேன். கதவைத் திறந்தவர், "வாங்க, உள்ள வாங்க, குளுருல நிக்காதீங்க" என்றார். என்னை அவர் வாங்க என்று சொன்னதே கிடையாது. நான் முக்காட்டை எடுத்ததும் சிரித்து, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். விளையாட்டாக இருக்கலாம். நானும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் உள்ளே போய் ஈரச் சேலையை மாற்றினேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வருகிறபோது கொஞ்சம் கூடுதலாகத் தங்கு, கூப்பிடுகிறபோது அவசரமில்லாமல் பேசு. ஞாபகமிருக்கிறதா, ஞாபகமிருக்கிறதா என்று அவரைச் சோதிக்காதே. அந்தக் கேள்விதான் இப்போது அவருக்கு அடி.

கடைசியாக ஒன்று. செத்த பவளத்தை எடுத்துவிடலாம், ஹீட்டரையும் விளக்கையும் நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். அப்பா விடவில்லை. இந்த ஜாதிப் பவளம் செத்த பிறகும் எலும்பை அப்படியே நல்ல தண்ணீரில் விட்டுவைத்தால், மாதக்கணக்கில் கழித்து அதிலிருந்து சின்னச் சின்னதாகக் குஞ்சு முளைக்கும், எங்கோ படித்திருக்கிறேன், தூக்கிப் போடாதே என்கிறார். நிஜமாகவே படித்ததா, இல்லை மனசில் ஆசைப்பட்டதைப் படித்ததாக நினைக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்றைக்குக் காலையிலும் அவர் அளந்து கொடுத்தார், நான் ஊற்றினேன். வெள்ளை எலும்புக்கு. நீ அங்கிருந்து தேடிப் பார்த்து உண்டு, இல்லை என்று எனக்கு எழுதாதே. வந்து, ரூத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவரிடமே கேள். அவர் சொல்லட்டும்.

அம்மா